பழைய மாடல் ரயில் இன்ஜின்களை டிஜிட்டலுக்கு மாற்றிச் சத்தமும் வர வைக்கலாமா?

கேள்வி இதுதான்: காரைக்குடி வீட்டில் ஐயா மலாயாவிலிருந்து கொண்டுவந்த மூன்று தண்டவாள ஹார்ன்பி டப்லோ என்ற பழைய இங்கிலாந்து மாடல் இன்ஜின் ஒன்று இருக்கிறது. பின்னால் வாங்கிய இரண்டு தண்டவாள இன்ஜின்களும் சில உண்டு. எல்லாவற்றையும் டிசிசிக்கு, அதாவது ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறைக்கு, மாற்ற முடியுமா? அதற்கு இன்ஜினுக்குள் வைக்கும் சின்னப் பலகையான டிகோடரில் எதை வாங்குவது?

முடியும். ஆனால் எந்த டிகோடர் என்பது இன்ஜினைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியும். பலரும் முதலில் டிகோடரை வரவழைத்துவிட்டு அப்புறம் இன்ஜினைத் திறக்கிறார்கள். ஒலி டிகோடரின் விலை சில நேரம் இன்ஜின் விலையையே தொடும். அதை வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

பழைய முறையில் தண்டவாளத்தில் வோல்டேஜ் ஏறினால் வண்டி வேகமாக ஓடும், இறங்கினால் நிற்கும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் சுமார் 15 வோல்ட் இருக்கும். அதன் திசை நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும், அந்த மாற்றத்தில்தான் கட்டளை இருக்கிறது. ஒரு திசையில் 58 மைக்ரோ நொடி நின்றால் அது 1, 100 மைக்ரோ நொடி நின்றால் 0. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையை வைத்து அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கம் 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரு கம்பெனி டிகோடர் இன்னொரு கம்பெனி கன்ட்ரோலருடன் ஒத்துப்போகும்.

ஐயாவின் டப்லோவை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. டப்லோ மூன்று தண்டவாளத்துடன் 1938-ல் வந்தது, இரண்டு தண்டவாளத்துக்கு 1959-ல்தான் மாறியது. மூன்று தண்டவாள வண்டியில் சக்கரம், அடியில் இருக்கும் உலோகச் சட்டம், மோட்டாரின் ஒரு முனை எல்லாம் ஒரே மின்வழி. மாற்ற முடியாதது இல்லை. ஆனால் பழைய பாகங்களை அறுக்காமல் நடக்காது, அறுத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அதைப் பழைய டிரான்ஸ்ஃபார்மரிலேயே தனிப் பாதையில் ஓட்டுங்கள். டிகோடர் இல்லாமல் டிசிசி பாதையில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். மோட்டார் ஙொய்யென்று இரைந்து சூடேறும்.

புதிய இன்ஜின்களில் பெட்டிமேல் ‘டிசிசி ரெடி’ என்று இருந்தால் வேலை சுலபம். உள்ளே 8 முனையோ 21 முனையோ உள்ள சாக்கெட் இருக்கும். அதில் செருகியிருக்கும் வெற்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே வகை டிகோடரைச் செருக வேண்டும், அவ்வளவுதான்.

சாக்கெட் இல்லாத நடுத்தர வயது இன்ஜின்களில்தான் கை வேலை. மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு கம்பியை மோட்டார் பிரஷ்ஷிலும் (மோட்டாருக்குள் கரண்டைக் கொடுக்கும் கரித்துண்டு) இன்னொன்றைச் சட்டத்திலும் வையுங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் வைத்துப் பாருங்கள். மோட்டாருக்குப் போகும் பழைய வயர்களைக் கழற்றிய பிறகும் பீப் வந்தால், மோட்டார் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் டிகோடரை இணைத்தால் முதல் முறை கரண்ட் கொடுக்கும்போதே புகைந்துவிடும். டிரையாங் என்ற பழைய இங்கிலாந்து கம்பெனி காலத்து எக்ஸ்04 மோட்டாரில் இரண்டு பிரஷ்களையும் ஒரே ஸ்பிரிங் கம்பி அழுத்தும். அதன் ஒரு காலில் மட்டும் சின்ன பிளாஸ்டிக் உறை இருக்கும். மறு காலுக்கும் மெல்லிய வயரிலிருந்து உருவிய உறையை மாட்டி, அந்தப் பக்க பிரஷ்ஷுக்குத் தனி வயர் எடுக்க வேண்டும். பீப் அடங்கும்வரை வேறெதையும் தொடாதீர்கள்.

அடுத்தது ஸ்டால் கரண்ட். 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை விரலால் அழுத்தி நிறுத்தி, மோட்டார் எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்று பாருங்கள். ஒரு நொடி போதும், நீட்டினால் மோட்டார் சுட்டுவிடும். இந்த அளவு மாடல் இன்ஜின்களுக்கான டிகோடர்கள் பெரும்பாலும் 1 ஆம்பைச் சுற்றித்தான் தாங்கும். காந்தம் தளர்ந்த பழைய மோட்டார் அதற்கு மேல் இழுக்கும். அப்படியானால் காந்தத்தையோ மோட்டாரையோ மாற்றியாக வேண்டும்.

வயர் நிறங்கள் ஏறக்குறைய எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான பாசிட்டிவ். எல்இடி போட்டால் ரெசிஸ்டர் கட்டாயம். பொடி சால்டரிங் கைவராவிட்டால் மொபைல் ரிப்பேர் கடைப் பையனிடம் கொடுங்கள். அந்த நுணுக்க வேலை அவர்களுக்குத் தினசரி பழக்கம்.

கன்ட்ரோலருக்குப் பெரிய செலவு வேண்டாம். ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகை, அதன்மேல் செருகும் மோட்டார் ஷீல்டு, டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருள் மூன்றும் சேர்ந்தால் கன்ட்ரோலர் தயார். வைஃபை பலகையும் சேர்த்தால் போனிலிருந்தே ஓட்டலாம். வயரிங் முடிந்த இன்ஜினை முதலில் புரோகிராமிங் பாதையில், அதாவது டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள தனித் தண்டவாளத் துண்டில், மட்டும் வையுங்கள். அதில் கரண்ட் கட்டுக்குள் இருப்பதால், தவறு இருந்தாலும் டிகோடர் பிழைக்க வாய்ப்புண்டு. டிகோடரின் ஒவ்வொரு அமைப்புக்கும் சிவி என்று ஒரு எண் உண்டு; வண்டியின் எண் இருப்பது சிவி 1-ல். அதைப் படித்து 3 என்று வந்தால் இணைப்பு சரி. புது டிகோடர்கள் எல்லாம் 3 என்ற எண்ணோடுதான் வரும். முக்கியப் பாதையில் ஆங்காங்கே ஒரு ரூபாய் நாணயத்தைக் குறுக்கே போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் போட்டாலும் கன்ட்ரோலர் உடனே கரண்டைத் துண்டிக்க வேண்டும்.

இனி சத்தம். எனக்கு இந்த வேலையில் ஆசை இங்கேதான். ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்து இயக்கினால் கொசு பாடுவதுபோல இருக்கும். முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுதான் காரணம். அதே ஸ்பீக்கரின் பின்பக்கத்தைச் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் காற்று புகாமல் ஒட்டினால் அடிச்சத்தம் எழும்பும். விலை கூடிய டிகோடரும் திறந்த ஸ்பீக்கரும் இருப்பதைவிட, சாதாரண டிகோடரும் மூடிய பெட்டியும் எவ்வளவோ மேல். நீராவி இன்ஜினில் பெரும்பாலும் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டியான டெண்டரில்தான் இடம் கிடைக்கும். ஸ்மார்ட்போன் ஒலிபெருக்கிகளும் இதற்கு ஆகும். ஆனால் டிகோடர் கேட்கும் ஓம் அளவுக்குக் கீழே போகக் கூடாது.

எந்த இன்ஜினின் சத்தம் என்பதையும் யோசியுங்கள். சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்க வண்டிகள். என்னுடையதைக் கேட்ட அப்பச்சி, “சத்தமெல்லாம் சரிதான்ப்பா, இது சீமை வண்டியாவுல இருக்கு” என்றார். மீட்டர் கேஜ் காலத்து ஆள், ஏமாற்ற முடியாது. டீசலில் இதற்கு நல்ல வழி உண்டு. மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4, அகலப் பாதையின் டபிள்யூடிஎம்-2 இரண்டிலும் இருப்பது அமெரிக்க ஆல்கோவின் 251 ரக இன்ஜின். முன்னதில் 6 சிலிண்டர், பின்னதில் 16. ஆகவே டபிள்யூடிஎம்-2 மாடலுக்கு, 16 சிலிண்டர் 251 பொருத்திய அமெரிக்க ஆல்கோ வண்டியின் ஒலிக்கோப்பை ஏற்றினால் கிட்டத்தட்ட நம்மூர் உறுமலே வந்துவிடும். ஈஎஸ்யூ கம்பெனியின் லோக்சவுண்ட் என்ற ஒலி டிகோடர் என்றால் லோக்புரோகிராமர் கருவியால் ஹாரனை மட்டும் தனியாக மாற்றலாம். செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் போய் வண்டி ஹாரன் அடிக்கும்போது பதிவு செய்து அதையே ஏற்றுங்கள். நீராவி வண்டியில் ‘குப் குப்’ சரியாக விழ வேண்டும். மீட்டர் கேஜில் ஓடிய ஒய்பி போன்ற 2 சிலிண்டர் வண்டிக்குச் சக்கரம் ஒரு முறை சுற்றினால் 4 முறை. இது பிசகினால் மற்ற எதுவும் எடுபடாது.

நம் பக்கத்துச் செம்மண் தூசி தண்டவாளத்தில் படிந்தால் கரண்ட் கணநேரம் விட்டுப்போய், சத்தம் நின்று முதலிலிருந்து தொடங்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். இடமிருந்தால் டிகோடருடன், கரண்ட் விட்டுப்போகும் கணத்தில் தாங்கிப் பிடிக்கும் கீப்-அலைவ் கெபாசிட்டரும் சேருங்கள். அப்புறம், ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் பாதையை விரிப்பீர்களானால் சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பும். லோக்சவுண்டில் ஒலி அளவுக்கான சிவி 63-ஐக் குறைத்து, வண்டி பக்கத்தில் வரும்போது மட்டும் கேட்கும் அளவுக்கு வையுங்கள்.