போதையில் நடந்ததும் எச்ஐவி பயமும்: கேட்டவர்களுக்குப் பதில்

எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தவன் நான். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை பலர் கேட்டிருந்தீர்கள். பெயர்களை எடுத்துவிட்டேன்.

மண்டபம், விசைப்படகுத் தொழிலாளி: அண்ணே, நேற்று ராத்திரி பாரில் குடித்துவிட்டு முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு போனேன். ஆணுறை போட்டேனா என்றே நினைவில்லை. நாளைக்குக் கடலுக்குப் போகணும். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. நினைவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள். எச்ஐவி உடம்பில் நிலைத்துவிடாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, பெப் என்பார்கள், ஆனால் நடந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அதிலும் முதல் நாளே தொடங்குவதுதான் நல்லது, பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கடலுக்குப் போய் வந்தால் அந்தக் கெடு அங்கேயே கரைந்துவிடும். ஒரு தடவை மீன்பாட்டுப் பங்கு போனால் போகட்டும். இன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போ, ராத்திரியானால் அவசரப் பிரிவுக்குப் போ, நடந்ததை மருத்துவரிடம் அப்படியே சொல். எங்கே போவது என்று குழம்பினால் எச்ஐவி உதவி எண் 1097க்குக் கூப்பிடு, கட்டணம் கிடையாது.

தங்கச்சிமடம்: ஒரே கிளாஸில் குடித்தால் தொற்றுமா?

தொற்றாது. எச்சில், கிளாஸ், ஊறுகாய் எதிலும் வராது. குடி செய்யும் கெடுதல் வேறு. தெளிவாக இருக்கும்போது ‘ஆணுறை இல்லாமல் கூடாது’ என்று சொல்கிறவன், குடித்த பிறகு ‘இன்னைக்கு ஒரு நாள்தானே’ என்கிறான், போட்டாலும் தப்பாகப் போடுகிறான், கிழிந்தால்கூடத் தெரிவதில்லை. அதனால் முடிவை முதல் கிளாஸுக்கு முன்னாலேயே எடுங்கள், பாருக்குப் போகும்போதே ஆணுறை சட்டைப்பையில் இருக்கட்டும். மாதக்கணக்கில் பர்ஸில் வெயிலோடு கிடந்தது உதவாது. தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் பிய்ந்துவிடும். இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடவும் கூடாது.

பாரில் வேலை பார்க்கும் தம்பி: இங்கே ஆணுறை வைத்தால் கெட்ட பேர் வரும் என்கிறார் ஓனர்.

கழிப்பறைச் சுவரில் ஒரு பெட்டி மாட்டச் சொல். யாரும் பார்க்காத இடத்தில் இருந்தால்தான் எடுப்பார்கள். நம்பிக்கை மையத்தில் ஆணுறை இலவசம், கேட்டு வாங்கி நிரப்பலாம். வருகிறவன் நல்லபடியாக வீடு திரும்புவதில் என்ன கெட்ட பேர்?

தொண்டி, ஒரு பெண்: மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுக்காரர் கேரளாவுக்கு வேலைக்குப் போய் வருகிறார், குடிக்கிறார். அவரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

தங்கச்சி, பரிசோதனைக்கு அவர் அனுமதி தேவையில்லை, நீயே போகலாம். உன் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது, 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆணுறை பற்றி நேராகப் பேச முடியாவிட்டால் குழந்தையைத் தள்ளிப்போட என்று சொல்லிப் பார். புண்ணோ, வாடையோடு வெள்ளைப்படுதலோ இருந்தால் இரண்டு பேரும் சிகிச்சை எடுக்கணும், பால்வினை நோய் இருந்தால் எச்ஐவி எளிதாகத் தொற்றும். கேட்டதற்காக அவர் கை நீட்டினால் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடு. இதில் உன் தப்பு எதுவும் இல்லை.

கீழக்கரை: எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறேன். குடிக்கிற நாளில் மட்டும் விட்டுவிடலாமா?

ஒரு நாளும் விடாதீர்கள். குடித்திருந்தாலும் மாத்திரையைப் போடுங்கள். அடிக்கடி விட்டால் மருந்துக்கு வைரஸ் பழகிவிடும், பிறகு அது வேலை செய்யாது. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தச் சோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவில் உங்கள் துணைக்குத் தொற்றாது. இவ்வளவு நல்ல செய்தி நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யாருக்கும் சொல்லக் கிடைக்கவில்லை. ஈரலுக்காகக் குடியைக் குறையுங்கள், அது தனி வேலை.

பாம்பன்: எத்தனை நாள் கழித்துச் சோதித்தால் சரியாகத் தெரியும்? மையத்தில் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?

இப்போது ஒரு சோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. மறுநாளே எடுத்து ‘இல்லை’ என்று வந்தால் அது பழைய நிலவரம்தான், அதை நம்பி ஆணுறையை விட்டுவிடாதீர்கள். உள்ளூரில் கூச்சமாக இருந்தால் பரமக்குடிக்கோ மதுரைக்கோ போங்கள், எந்த ஊர் நம்பிக்கை மையத்திலும் இலவசமாகப் பார்ப்பார்கள்.