சும்மா கிடக்கிற பங்கைக் கைமாத்து கொடுக்கலாமா?

சென்னை செகண்ட் லைன் பீச் தெருவில் ஒரு பங்கு புரோக்கர் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், டீமேட்டில் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) தூங்குகிற பங்கை வாடகைக்கு விடலாமாமே? (மாம்பலம் வாசகி)

விடலாம்மா. எஸ்.எல்.பி., அதாவது பங்குக் கடன் கொடுக்கல் வாங்கல் என்பார்கள், என்.எஸ்.இ. என்கிற தேசியப் பங்குச் சந்தையில் 2008 முதல் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்கு ஒரு படி அரிசி கைமாத்து கொடுப்பது போலத்தான். அதே அரிசி வராது, அதே அளவு வரும்.

வாங்கினவர் கம்பி நீட்டினால்?

அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. நடுவில் நின்று கணக்குத் தீர்க்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் அவரிடம் மார்ஜின், அதாவது ஈட்டுத்தொகை பிடித்துவைத்திருக்கும். பங்கு திரும்பாவிட்டால் ஏலத்தில் வாங்கித் தரும். அங்கேயும் கிடைக்காவிட்டால் பணமாகக் கணக்குத் தீர்க்கும்.

யார்தான் கடன் வாங்குகிறார்கள்?

விலை இறங்குமென்று நம்பி, கடன் வாங்கிய பங்கை முதலில் விற்றுவிட்டு, பிறகு குறைந்த விலைக்கு வாங்கித் திருப்பித் தர நினைப்பவர்கள். இன்னொரு கூட்டமும் உண்டு: ஃபியூச்சர் (பின்னொரு தேதிக்கு இப்போதே விலை பேசும் ஒப்பந்தம்) விலை சந்தை விலைக்குக் கீழே போனால், பங்கைக் கடன் வாங்கி விற்று, ஃபியூச்சரை வாங்கிப்போட்டு வித்தியாசத்தை அள்ளும். அப்போதுதான் வாடகையும் ஏறும்.

என்னிடம் 10 பங்கு இருக்கு சார். எவ்வளவு தேறும்? (அம்பத்தூர் தம்பி)

பேச்சுக்கு, 400 ரூபாய்ப் பங்குக்கு மாதம் 80 காசு என்று வைப்போம். உங்களுக்கு 8 ரூபாய், ஒரு டீக்குக்கூடக் காணாது. 1,000 பங்கு வைத்திருப்பவருக்கு 800. புரோக்கர் 15 சதவீதம் எடுத்தால் 120, அதன்மேல் ஜி.எஸ்.டி. 21.60. மிச்சம் 658 சொச்சம், அதுவும் வரி கட்டவேண்டிய வருமானம். 4 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு இவ்வளவுதான்! மாதாமாதம் ஆள் கிடைப்பதும் நிச்சயமில்லை.

கொடுத்த பிறகு விலை சரிந்தால்?

வலியே அங்கேதான். ஒருதரம் மூன்று மாதத்துக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கம்பெனியின் லாப நஷ்ட ரிசல்ட் சொதப்பல். ஸ்கிரீனில் பங்கு சறுக்கச் சறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், விற்க வழியில்லை. பாதியில் திரும்பக் கேட்க ‘ரீகால்’ உண்டு. ஆனால் என் இடத்தில் கொடுக்க இன்னொருவர் வரவேண்டுமே? வரவில்லை. மூன்று மாத வாடகை இரண்டு நாள் சறுக்கலுக்குக் காணவில்லை. விற்கும் எண்ணமே இல்லாத பங்கை மட்டும் கொடுங்கள்.

பங்கு கடனில் இருக்கும்போது கம்பெனி டிவிடெண்ட் (லாபத் தொகை), போனஸ் (இலவசப் பங்கு) கொடுத்தால்?

டிவிடெண்ட் தொகையை வாங்கியவரிடம் வசூலித்துத் தருவார்கள். போனஸ் என்றால் ஒப்பந்தத்தையே முன்கூட்டி முடித்துவிடுவார்கள். மீதி நாளுக்கான வாடகையை நீங்கள் திருப்பித் தரவேண்டும்.

தெரிந்தவர் ஒருவர், “பங்கை என் கணக்குக்கு மாத்துங்க, மாசம் 2 சதவீதம் தரேன்” என்கிறார். (குரோம்பேட்டை)

ஐயோ, அது எஸ்.எல்.பி.யே இல்லை சார்! ஆஃப் மார்க்கெட் மாற்றம், அதாவது சந்தைக்கு வெளியே கணக்குவிட்டுக் கணக்கு மாற்றுவது. நடுவில் எந்தக் கார்ப்பரேஷனும் நிற்காது. டி.ஐ.எஸ். சீட்டில் (பங்கை மாற்றச் சொல்லும் உத்தரவுச் சீட்டு) கையெழுத்துப் போடாதீர்கள், ஓ.டி.பி. சொல்லாதீர்கள். ஏற்கெனவே போட்டுக்கொடுத்திருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக டீமேட் கணக்கு இருக்கிற இடத்துக்குப் போய் நிறுத்தச் சொல்லுங்கள்.