ராணிப்பேட்டை சகோதரிக்கு: தொங்கும் வயிற்றுத் தோலுக்கு எந்த ஆபரேஷன்?

சகோதரி, 40 கிலோ குறைத்தபின் அடிவயிறு தொங்குகிறது, லைப்போசக்‌ஷன் போதுமா, டம்மி டக் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். லைப்போசக்‌ஷன் கொழுப்பைத்தான் உறிஞ்சும், தோலை எடுக்காது. அதை மட்டும் செய்தால் தொங்கல் கூடவும் வாய்ப்புண்டு. இரண்டு பிரசவம் என்கிறீர்கள். வயிற்றுத் தசை விலகியிருந்தால் என் ஓட்டு டம்மி டக்குக்கே. அதில் தொங்கும் தோலை வெட்டி, தசையையும் இழுத்துத் தைப்பார்கள். தழும்பு இடுப்புக்கு இடுப்பு நீளும், அதற்கு மனசைத் தயார்செய்யுங்கள். நம்ம வேலூர் வெயிலில் மடிப்பு வெந்து புண்ணாவதுதான் தொல்லை என்றால், தொங்கும் தோலை மட்டும் நீக்கும் பானிகுலெக்டமியே போதும். எடை 6 மாதமாவது ஒரே அளவில் நிற்கட்டும். மூன்றாவது குழந்தை எண்ணமிருந்தால் தள்ளிப்போடுங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். ஹீமோகுளோபின், புரத அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தால் தையல் ஆற நாளாகும்.