மூன்றாவது முறையும் கடனை அடைக்கலாமா?

ஐயா, வணக்கம்.

சிங்கப்பூரின் நாலு நம்பர் (4D) லாட்டரியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தேக்கா சந்தையில் கறிகாய் வாங்கிய கையோடு இரண்டு வெள்ளிக்கு (டாலருக்கு) நம்பர் எடுக்கும் பெரியவர்களைக் குற்றவாளிகளைப்போலப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். அதையே என் தம்பி எனக்கு அனுப்பி, "பாரு, உங்க எழுத்தாளரே சொல்றார்" என்கிறான்.

அவனுக்கு 29 வயது, நல்ல வேலை. கொஞ்ச காலமாகப் போனில் விளையாடுகிறான். முதலில் கால்பந்துப் பந்தயம், இப்போது பாக்கராட் என்ற சீட்டாட்டம். டெலிகிராமில் ஒரு ஏஜென்ட், கையில் காசு இல்லாவிட்டாலும் விளையாடக் கிரெடிட் கொடுக்கிறான். இரண்டு தடவை நானும் என் கணவரும் கடனை அடைத்தோம். இப்போது மறுபடியும் 14,000 வெள்ளி. "இதை மட்டும் கட்டிடு அக்கா, இனிமே மாசம் 200 வெள்ளிக்கு மேல போக மாட்டேன், பொறுப்பா விளையாடுவேன்" என்கிறான். கட்டலாமா? உதவிக்கு யாரைக் கேட்பது? போன் செய்தால் போலீஸ் வரைக்கும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. சொல்வதா, வேண்டாமா?

பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்

*

அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தைக் கட்டாதீர்கள். ஏன் என்பதற்கு முன்னால் உங்கள் தம்பியின் வாதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் என்னையே சாட்சிக்கு இழுத்திருக்கிறார்.

நாலு நம்பர் நல்ல பேரம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. 'பிக்' என்ற பந்தய வகையில் ஒரு வெள்ளி வைத்தால் 10,000 எண்களில் 23 எண்களுக்குப் பரிசு. முதல் பரிசு 2,000 வெள்ளியில் தொடங்கி ஆறுதல் பரிசான 60 வெள்ளிவரை எல்லாவற்றையும் கூட்டினால் 6,590 வருகிறது. அதாவது போட்ட ஒரு வெள்ளிக்குச் சராசரியாக 66 காசு திரும்பும், 34 காசு போய்விடும். பாக்கராட்டில் 'பேங்கர்' பக்கமோ 'பிளேயர்' பக்கமோ வைத்தால் நூறு வெள்ளிக்கு ஒரு வெள்ளி சொச்சம்தான் நட்டம். கணக்கு தெரிந்த பையன் என்றால் இதை உங்களிடம் சொல்லியும் இருப்பார். காகிதத்தில் அவர் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்.

ஆனால் நாலு நம்பர் குலுக்கல் வழக்கமாகப் புதன், சனி, ஞாயிறு மட்டும்தான். புதன்கிழமை விட்டவர் சனிக்கிழமைவரை காத்திருந்தாக வேண்டும். அதற்குள் மனம் ஆறிவிடும், வேறு வேலை வந்துவிடும். போனில் ஒரு ஆட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஆட்டத்துக்கு 50 வெள்ளி, மணிக்கு 60 ஆட்டம், ராத்திரி நான்கு மணி நேரம் என்றால் 12,000 வெள்ளி மேசையில் புரண்டிருக்கும். அதில் அந்த ஒரு சதவீதச் சொச்சமே 120 வெள்ளிக்குமேல். இதுவும் தளம் நேர்மையாக நடந்து, ஆடுபவர் தொகையை ஏற்றாமல் இருந்தால்தான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இறங்கியவர் தொகையை ஏற்றாமல் இருக்க மாட்டார். ஏஜென்ட் கிரெடிட் கொடுப்பதால் கையில் காசு தீர்ந்து எழுந்திருக்கும் வாய்ப்பும் இல்லை.

சரி, பொறுப்பாக விளையாடுவது என்று ஒன்று உண்டா? உண்டு. நாலு நம்பரைச் சட்டப்படி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தில் இணையக் கணக்கு திறக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வரம்பை முதலிலேயே குறித்தாக வேண்டும். போனால் போகட்டும் என்ற காசில், கடன் வாங்காமல், வீட்டில் மறைக்காமல், தோற்றதும் எழுந்துபோக முடிகிறவருக்கு அந்த வரம்பு பயன்படும். உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இரண்டு முறை கடன் அடைந்தபோதே நிறுத்த முடியாதவருக்கு 200 வெள்ளி வரம்பை யார் காவல் காப்பது? அந்த ஏஜெண்டா? அவருக்கு இப்போது வேண்டியது குறைப்பது அல்ல, முழுதாக நிறுத்துவது. அவர் கேட்க விரும்பாத பதில் இது, ஆனாலும் சொல்லுங்கள்.

கடனை அடைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், இரண்டு முறை பார்த்துவிட்டீர்கள். ஒழுங்காகக் கட்டுகிற குடும்பம் பின்னால் நிற்கிறது என்று தெரிந்த ஏஜென்ட் கிரெடிட்டைக் கூட்டித்தான் கொடுப்பான். முதலில் 14,000தான் முழுத் தொகையா என்று பாருங்கள். பெரும்பாலும் முதலில் வெளியே வருவது பாதிதான். கிரெடிட் பீரோ அறிக்கையை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வங்கிக் கடனும் கிரெடிட் கார்டு பாக்கியும் அதில் தெரிந்துவிடும். அவற்றுக்குத் தவணை பேச கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பு இருக்கிறது. எதற்கும் ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். கடனுக்குப் பதிலாக வங்கிக் கணக்கையோ, அரசுச் சேவைகளுக்கான இணைய அடையாளமான சிங்பாஸையோ கொடு என்று ஏஜென்ட் கேட்டால், அங்கேதான் பெரிய ஆபத்து. அதைக் கொடுப்பது தனிக் குற்றம், சூதாட்டத்தைவிடப் பெரிய வழக்கில் கொண்டுபோய் விடும். மிரட்டல் வந்தால் தயங்காமல் போலீசில் சொல்லுங்கள்.

போலீஸ் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். 2022 ஆகஸ்ட்டில் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத தளத்தில் விளையாடுபவருக்கும் 10,000 வெள்ளிவரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆனால் ஆலோசனை கேட்டு அழைப்பது வேறு விஷயம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. பேசுவது ரகசியமாக இருக்கும். தம்பி சம்மதிக்கும்வரை நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம், குடும்பத்தினரும் அழைக்கலாம். முதல் அழைப்பை நீங்களே செய்யுங்கள். ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொல்ல வராது என்றால் தமிழில் பேச ஆள் கிடைக்குமா என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிடுங்கள்.

அடுத்த படி, மனநலக் கழகத்தில் (ஐஎம்எச்) இருக்கும் தேசிய போதைப் பழக்க மேலாண்மைச் சேவை. அழைக்க வேண்டிய எண் 6732 6837. ஐஎம்எச் என்ற பெயரைக் கேட்டதும் நம் வீடுகளில் முகம் மாறும். கல்யாணம் ஆகாத பையன், பெண் பார்க்கும்போது தெரிந்தால் என்ன ஆகும் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரன் வாசல் கதவில் சாயம் ஊற்றிவிட்டுப் போனாலும் தெரியத்தான் செய்யும். கட்டுப்பாடு இழந்த சூதாட்டத்தை உலகச் சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. சிகிச்சை இருக்கிறது, போகலாம்.

சூதாட இடம் தராமல் ஒருவரைத் தடுக்கும் விலக்கு ஆணை பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அவரே தன்னை விலக்கிக்கொள்ளலாம். அவர் மறுத்தால் உடன்பிறந்தவர் என்ற முறையில் நீங்கள் மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம், விசாரித்து முடிவு செய்வார்கள். சூதாட்டக்கூடத்துக்கு இது பலமான பூட்டு, நாள் ஒன்றுக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணத்தைவிடப் பலமானது. ஆனால் டெலிகிராம் ஏஜென்ட் இந்த ஆணையை மதிக்கப் போவதில்லை. அதற்குப் போனில்தான் தடுப்பு போட வேண்டும். சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் பெட்பிளாக்கர் என்ற செயலி இலவசம். அவர் போனில் அவரே அதை நிறுவட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். டெலிகிராம் கணக்கையும் அப்போதே அழிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் செய்ய மறுத்தால், 200 வெள்ளி வாக்குறுதிக்கு என்ன மதிப்பு என்று அவருக்கே புரிய வையுங்கள். சம்பளம் வரும் கணக்கைக் கொஞ்ச காலத்துக்கு வேறொருவர் பார்த்துக்கொள்வதும் உதவும். அது நீங்களாக இல்லாமல் உங்கள் கணவராக இருந்தால் நல்லது. அக்காவிடம் சண்டை போட்டுக் காசு வாங்கிப் பழகிவிட்டார்.

அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் மறுத்ததும் தம்பி அடுத்துப் போய் நிற்கப்போவது அவரிடம்தான், வேறு காரணம் சொல்லிக்கொண்டு. அவர் கேட்பதற்கு முன்னால் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லப்போகும் நாளன்று அம்மாவை வங்கிக்குக் கூட்டிப்போய் ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணை மாற்றிவிடுங்கள். பழைய எண் அநேகமாகத் தம்பிக்கும் தெரிந்திருக்கும்.