பலகையில் விலை கூட, கணக்கில் குறைய

கேள்வி: நான் யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் மரக்கறி லொறி ஓடுகிறேன். தம்பி கனடாவில், பிரம்டனில் இருந்து அமெரிக்காவுக்குச் சொந்த ட்ரக் ஓடுகிறான். ஒஹாயோவில் டீசல் மலிவாக இருந்தும் அடிக்காமல், பென்சில்வேனியாவில் கலனுக்கு 20 சதம் கூடக் கொடுத்து அடித்தானாம். ஏனடா என்று கேட்டால், "அதுதான் அண்ணை மலிவு" என்கிறான். பகிடி விடுகிறானா? எங்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டா?
— கொக்குவில் வாசகர்

பதில்: பகிடி இல்லை, தம்பி கணக்குத் தெரிந்த ஆள்தான்.

அங்கே ஒவ்வொரு மாநிலமும் டீசலுக்குத் தன் பாட்டில் ஒரு வரி போடுகிறது. பாரமான ட்ரக் ஒரு மாநிலத்தில் அடித்த எண்ணெயில் நாலு மாநிலம் ஓடும். அதனால் வரியை எங்கே அடித்தாய் என்று பார்க்காமல், எங்கே ஓடினாய் என்று பார்த்து எடுக்கிறார்கள். அமெரிக்காவின் 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் சேர்ந்து இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ட்ரக்காரர் வாயில் அது 'இஃப்டா'.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். தம்பி அந்தக் காலத்தில் 13,000 மைல் ஓடி 2,000 கலன் எரித்தான் என்று வைப்போம். கலனுக்கு 6.5 மைல். அதில் பென்சில்வேனியாவுக்குள் ஓடியது 1,300 மைல் என்றால், அங்கே 200 கலன் எரித்ததாகக் கணக்கு. ஒரு சொட்டு அங்கே வாங்காவிட்டாலும் அந்த 200 கலனுக்கு வரி கட்டியே ஆக வேண்டும். வாங்கியிருந்தால், எண்ணெய் அடிக்கும் செட்டில் விலையோடு சேர்த்துக் கட்டிய வரியைக் கழித்துவிடுவார்கள். கூடக் கட்டியிருந்தால் அது மற்ற மாநிலக் கணக்குக்குப் போகும், அல்லது கைக்குத் திரும்பும்.

ஆக, செட்டில் கட்டுகிற மாநில வரி முற்பணம் மாதிரி. எங்கே கட்டினாலும் கடைசியில் சரிக்கட்டப்படும். தம்பியின் கையை உண்மையில் கடிப்பது வரி கழித்த விலைதான். 2024இல் ஒஹாயோவின் வரி கலனுக்கு 47 சதம், பென்சில்வேனியாவில் 74.1 சதம். செட்டின் விலைப் பலகையில் ஒஹாயோ 3.80 டொலர், பென்சில்வேனியா 4.00 டொலர் என்று வைத்துக் கழித்துப் பாருங்கள். முன்னது 3.33, பின்னது ஏறக்குறைய 3.26. கலனுக்கு ஏழு சதம் மிச்சம். 150 கலன் அடித்தால் பத்து டொலருக்குச் சற்றுக் கூட. பெரிய காசில்லைத்தான், ஆனால் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் அடிக்கிறவருக்கு அது காசு.

தம்பி கவனிக்க வேண்டிய இடம் ஒறிகன். அங்கே பாரமான ட்ரக்குக்கு டீசல் வரி கிடையாது, நிறைக்கும் மைலுக்கும் தனியாக அறவிடுகிறார்கள். வரியில்லாத விலையைப் பார்த்து மலிவென்று மயங்கக் கூடாது, கழிக்க அங்கே எதுவுமில்லை. பற்றுச்சீட்டுகளையும் நாலு வருடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். சீட்டில்லாவிட்டால் செட்டில் கட்டிய வரி கட்டாத வரிதான். கணக்குப் பிந்தினால் தண்டம் 50 டொலர் அல்லது கட்ட வேண்டிய வரியில் 10 வீதம், எது கூடவோ அது.

இனி உங்கள் லொறி. இந்தக் கணக்கு உங்களுக்குச் சரிவராது. இலங்கையில் டீசல் வரியைக் கொழும்பிலுள்ள அரசுதான் போடுகிறது, மாகாணங்களுக்கு அதில் பங்கில்லை. 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரியும் சேர்ந்திருக்கிறது. சாவகச்சேரியில் அடித்தாலும் தம்புள்ளையில் அடித்தாலும் வரி ஒன்றுதான், பிறகு ஓடிய தூரம் பார்த்துத் திருப்பித் தரவும் ஆளில்லை. நீங்கள் பலகை விலையைப் பார்த்தாலே போதும்.

கம்பனிக்குக் கம்பனி சில நேரம் இரண்டு மூன்று ரூபா வித்தியாசம் வரும். அதற்காகச் சுற்றப் போகாதீர்கள். 100 லீற்றரில் மூன்று ரூபா மிச்சம் பிடித்தால் 300 ரூபா. லொறி லீற்றருக்கு நாலு கிலோமீற்றர் ஓடுமென்றால், பத்துக் கிலோமீற்றர் சுற்ற இரண்டரை லீற்றர் போய்விடும். லீற்றர் 300 ரூபா என்றாலும் 750 ரூபா. யுத்த காலத் தடையில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர்க்காரருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு மிச்சம் கிடைக்கிற இடம் திகதிதான். விலை பெரும்பாலும் மாதக் கடைசி இரவில் மாறுகிறது. கூடும் போலக் கதை அடிபட்டால் அன்று பின்னேரமே தாங்கியை நிரப்புங்கள். குறையும் போல இருந்தால் அடுத்த நாள் வரைக்கும் காணும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். பரலில் வாங்கி வீட்டில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.