அம்மாவின் மாத்திரைக்கு மாதம் 460 வெள்ளி

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த குடிமகள். இருமுனை மனநோய்க்காக எட்டு ஆண்டுகளாக ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் காட்டி வருகிறோம். லித்தியம், குவெடியபின் எக்ஸ்ஆர், எஸ்சிட்டலோபிராம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து மாதம் 460 வெள்ளி ஆகிறது. காப்புறுதி முகவரிடம் கேட்டால் வீட்டில் போடும் மாத்திரைக்குப் பணம் கிடைக்காது என்கிறார். செலவு முழுவதும் என் தலையில்தான். தம்பி அதே வீட்டில் இருக்கிறான், ஆனால் ஒரு வெள்ளிகூடத் தருவதில்லை. தேக்காவில் தெரிந்த ஒருவர் அதே மருந்துகளை இந்தியாவிலிருந்து வரவழைத்து 110 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? இதற்கிடையில் அம்மா, செலவைப் பார்த்துவிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்துவிட்டார். (ஈசூன் வாசகி)

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். பணத்தைப் பிறகு பார்க்கலாம். மனநல மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது சிக்கனமே இல்லை. லித்தியம் ரத்தத்தில் ஒரே அளவில் நின்றால்தான் வேலை செய்யும். திடீரென்று குறைத்தால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். எத்தனை நாள் மாத்திரையை விட்டார் என்பதை எழுதிக்கொண்டு இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள், எப்படி மறுபடி தொடங்குவது என்று அவர் சொல்வார். அம்மாவைத் திட்டாதீர்கள். பிள்ளைக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்று நினைத்துத்தான் இப்படிச் செய்திருப்பார். மருத்துவரிடம் நீங்களே, "செலவு கட்டுப்படியாகவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஆட்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வெட்கப்பட்டே பாதிப் பணத்தை இழக்கிறார்கள்.

காப்புறுதி விஷயத்தில் முகவர் சொன்னது சரிதான். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், மனநல வார்டில் படுத்தால் நாள் கணக்குப் போட்டுக் கொடுக்கும். வார்டுக்குப் போகாமல் காப்பாற்றும் மாத்திரைக்குக் கொடுக்காது. டயாலிசிஸுக்கும் புற்றுநோய் மருந்துக்கும் வெளிநோயாளியாக இருந்தாலே கிடைக்கிறது. மனநலத்துக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று நானும் 20 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: "வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள், அங்கே மனநலத்துக்கும் உண்டு" என்று யாராவது பத்திரத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோயைப் புதிய தனியார் திட்டம் ஒதுக்கிவிடும். கையில் இருப்பதும் போய்விடும்.

உங்கள் செலவுக்குக் காரணம் மருந்தைவிட நீங்கள் நுழைந்த வாசல்தான். தனியார் மனநல மருத்துவரின் கிளினிக்குக்குள் அரசாங்க மருந்து மானியம் நுழையாது. அரசாங்க மருத்துவமனையிலும், "இன்ன டாக்டரைத்தான் பார்ப்பேன்" என்று கேட்டுத் தனியார் நோயாளியாகப் பதிந்தால் அதே கதைதான். ஒரே மாத்திரை, ஒரே மருந்து முகப்பு, எடுத்துக் கொடுப்பவரும் ஒருவரே, ஆனால் பில் மட்டும் வேறு. ஆகவே அம்மாவை அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போய் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். சாஸ் என்ற மருத்துவ மானிய அட்டையை ஏற்கும் பொது மருத்துவரிடமும் வாங்கலாம். அந்தக் கடிதத்தோடு மனநலக் கழகத்துக்கோ வேறு அரசாங்க மருத்துவமனைக்கோ போகும்போது முகப்பில், "சப்சிடைஸ்டா, பிரைவேட்டா?" என்று கேட்பார்கள். சப்சிடைஸ்ட் என்று சொல்லுங்கள். சீக்கிரம் தேதி கிடைக்கிறதே என்று பிரைவேட் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். பின்னால் மானியத்துக்கு மாற வேண்டுமென்றால் மருத்துவமனையில் பண உதவிக்கு வழிகாட்டும் மருத்துவ சமூக ஊழியரைப் பார்த்து, வருமானம் காட்டி, காரணம் சொல்லி, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

முதல் சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை இப்போதைய மருத்துவரை விட்டுவிடாதீர்கள். நோய் விவரம், மருந்தளவு, இதுவரை முயன்று ஒத்துவராத மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு மருந்துச் சீட்டையும் கேளுங்கள். கிளினிக்கிலேயே மருந்து வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி கடைகளில் மருந்தாளர் இருக்கும் கிளைகளில் அந்தச் சீட்டைக் காட்டி விலை கேட்டுப் பாருங்கள். பிராண்ட் பெயர் இல்லாத மாற்று மருந்து இருக்கிறதா என்றும் கேளுங்கள். மானியம் கைக்கு வரும்வரை இதுவே கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும்.

மானியம் எவ்வளவு? அரசாங்கத்தின் அடிப்படை மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்கு, மானிய நோயாளியான குடிமகளுக்கு வருமானத்தைப் பொறுத்து 50 முதல் 75 விழுக்காடு வரை குறையும். உங்கள் அம்மா 1950க்கும் 1959க்கும் இடையில் பிறந்தவர் என்பதால் மெர்டேக்கா தலைமுறை என்ற சலுகைப் பிரிவில் வருகிறார். மீதியில் இன்னும் 25 விழுக்காடு குறையும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டியலில் உள்ள மருந்து 200 வெள்ளி என்றால், 50 விழுக்காடு போக 100. அதில் கால் பங்கு போக 75 வெள்ளி. வருமானம் குறைந்த குடும்பமாக இருந்து 75 விழுக்காடு கிடைத்தால் கையிலிருந்து போவது 37 வெள்ளி 50 காசு. பட்டியலில் இல்லாத மருந்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இது மானியப் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் பட்டியலில் உள்ள எதை அம்மாவுக்குத் தரலாம்?"

இங்கேதான் உங்கள் தம்பி வருகிறார். வருமானம் என்றால் அம்மாவின் வருமானம் மட்டும் இல்லை. அடையாள அட்டையில் அதே முகவரியுள்ள குடும்பத்தார் எல்லாருடைய சம்பளத்தையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்கள். ஒரு வெள்ளி தராத மகனின் சம்பளமும் அதில் ஏறிவிடும். போதாததற்கு அவரும் சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கில் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அம்மாவின் மாத்திரைக்கு உதவாதவர், அம்மாவின் மானியத்துக்கும் முட்டுக்கட்டை! அதற்காக அவருடைய முகவரியைப் பொய்யாக மாற்றிவிடாதீர்கள், அது குற்றம். மருத்துவ சமூக ஊழியரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். யார் கொடுக்கிறார், யார் கொடுக்கவில்லை என்று அவர் எழுதிக்கொள்வார். அந்தக் குறிப்பு பிறகு மெடிஃபண்ட் என்ற உதவி நிதிக்கு விண்ணப்பிக்கும்போது உதவும்.

அடுத்து மெடிசேவ், அதாவது சம்பளத்திலிருந்து சேரும் உங்கள் மருத்துவச் சேமிப்பு. மனச்சிதைவும் கடும் மனச்சோர்வும் 2009இலும், இருமுனை நோயும் மறதி நோயும் 2011இலும் மெடிசேவைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்த் திட்டத்துக்குள் வந்தன. அதனால் உங்கள் மெடிசேவிலிருந்தே அம்மாவுக்குச் செலவழிக்கலாம். 2021இல் மெடிசேவ் 500/700 என்று தொடங்கினார்கள். ஒரு நோய் என்றால் ஆண்டுக்கு 500 வெள்ளி. இரண்டு நாட்பட்ட நோய்கள் இருந்தாலோ நோயில் சிக்கல் இருந்தாலோ 700. அம்மாவுக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பில்லில் 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டும். இந்த வரம்பு நோயாளிக்குத்தான். மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று மடங்கு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விலை குறைந்த மாற்று மருந்து வாங்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். எஸ்சிட்டலோபிராமுக்குத் தயங்காமல் வாங்கலாம். குவெடியபின் எக்ஸ்ஆர் மெதுவாகக் கரையும் மாத்திரை. அதை உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ளக்கூடாது, மெல்லவும் கூடாது. சாதாரண குவெடியபினுக்கு மாறுவதென்றால் மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். லித்தியம் மட்டும் தனிச் சாதி. ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், சீட்டில் அதே மில்லிகிராம் இருந்தாலும், உடம்பு அதை வேறு வேகத்தில் எடுத்துக்கொள்ளலாம். போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகல். ஆகவே தயாரிப்பை மாற்றினால் சில நாள் கழித்து ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஒரே தயாரிப்பாக இருந்தாலும் மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரோஃபன், சில ரத்த அழுத்த மாத்திரைகள், வாந்தி பேதி, தண்ணீர் குடிக்காமல் நோன்பிருப்பது எல்லாமே லித்தியம் அளவை ஏற்றிவிடும். கை நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். லித்தியம் பொதுவாக விலை குறைந்த மருந்துதான். அதில் மிச்சம்பிடிக்கப் பார்க்காதீர்கள்.

இனி அந்த 110 வெள்ளிக்காரர். சில வருடங்களுக்கு முன் ஒரு மகன் தன் தாயாரின் மருந்துப் பையை என் மருந்து முகப்பில் கொட்டினார். எல்லாம் இந்தியாவிலிருந்து வந்த அட்டைகள், பின்பக்கம் சிவப்புக் கோடு போட்டவை. ஒவ்வோர் அட்டையும் குறுக்கே வெட்டியிருந்தது. தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் இருந்த பாதி யாரிடமோ போய்விட்டது. "அதே எஸ்சிட்டலோபிராம்தாங்க, பாதி விலை" என்றார். எழுத்துப் பொடியாக இருந்தது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், அதனடியில் குளோனசிபாம் 0.5 மில்லிகிராம். இந்தியாவில் இந்த இரண்டையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள், பிராண்ட் பெயரோடு ஒரு 'பிளஸ்' மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மாள் மூன்று மாதமாகத் தனக்கே தெரியாமல் தூக்க மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது இரண்டு முறை விழுந்திருக்கிறார். வயசாகிவிட்டது, அதனால்தான் விழுகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அதைத் திடீரென்று நிறுத்தவும் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மிச்சம் பிடித்தது எத்தனை வெள்ளி என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

இந்தத் தரகர்கள் கெட்ட எண்ணத்தோடுதான் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் பெட்டியில் இடமிருந்தால் முறுக்கோடு மாத்திரையும் கொண்டுவருபவர்கள். ஆனால் உரிமம் இல்லாமல் மருந்து விற்பது இங்கே குற்றம். குளோனசிபாம் போன்ற மருந்துகளைச் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரவே சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். மாட்டினால் தரகரின் கைப்பேசி அணைந்துவிடும், அம்மாவின் மாத்திரை பாதியில் நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ஆர்டர் எடுப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

இன்னொரு ரகம், "மெடிஃபண்ட் எழுதித் தருகிறேன், 80 வெள்ளி கொடுங்கள்" என்பவர்கள். மெடிஃபண்ட் 1993இல் அரசாங்கம் தொடங்கிய நிதி. மானிய நோயாளியாக இருக்கும் குடிமக்களுக்கு, மானியமும் மெடிசேவும் போன பிறகும் கட்ட முடியாத தொகைக்கு உதவும். விண்ணப்பம் மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியர் வழியாகத்தான் போகும். அவருக்கு நீங்கள் ஒரு காசும் தரவேண்டாம். வெளியாள் யாருக்கும் அதில் வேலையே இல்லை. அதே சம்பளச் சீட்டை மூன்று முறை கேட்பார்கள், நான்கு பிரதி எடுத்து வையுங்கள். ஒரு இடத்தில், கொடுத்த தாளைக் காணவில்லை என்று சொல்லி என் நோயாளி ஒருவரை ஐந்து வாரம் அலையவிட்டார்கள். ஏழைக்கு உதவ என்று வைத்த வாசலில் இத்தனை படிக்கட்டு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனாலும் ஏறுங்கள்.

2023இல் அறிவித்த தேசிய மனநலத் திட்டப்படி 2030க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் மனநலச் சேவை வந்துவிடுமாம். வரட்டும், உங்கள் அம்மாவுக்கு இந்த மாதமே மருந்து வேண்டும். திங்கட்கிழமை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது வீட்டில் உள்ள மருந்தையெல்லாம், பழையது, மிச்சமானது, அந்தத் தேக்கா நண்பர் 'சாம்பிள்' கொடுத்திருந்தால் அதுவும், ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு அட்டையை மட்டும் கொண்டு போகாதீர்கள். கிளினிக்கின் லேபிள் பெட்டிமேல்தான் இருக்கும்.