இந்தப் பதிவை யார் படிக்கிறார்கள்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நோயாளிகளின் குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவதை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். காலை ஓ.பி.யில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். நோயாளி பேசப் பேச நான் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பேன். போன வாரம் ஒரு மீனவப் பெண்மணி, "அந்தப் பெட்டிக்கா அம்மா உடம்பு சரியில்லை?" என்று கேட்டுவிட்டார். எங்கள் செவிலியர் நோட்டிலும் எழுதுகிறார், கணினியிலும் ஏற்றுகிறார். இதற்குப் பழைய காகிதமே மேல். ஓய்வு பெற்ற மருத்துவர் நீங்கள், எளிதாகச் சொல்லிவிட்டீர்கள்.

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள டாக்டர்,

அந்தப் பெண்மணியின் கேள்வியை எந்த ஆய்வுக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. ஓய்வு பெற்றவன் எளிதாகச் சொல்வான் என்பதையும் மறுக்கப்போவதில்லை. ஆனால் காகிதமே மேல் என்பதை ஏற்க மாட்டேன். காகிதத்தோடு காலமெல்லாம் குடும்பம் நடத்தியவன் நான்.

உப்புக் காற்றில் பதிவேடுகள் ஊறி, ஒரு பக்கத்து மை அடுத்த பக்கத்தில் இறங்கிவிடும். வளைகுடாவிலிருந்து திரும்பும் கீழக்கரைக்காரர் ஒரு பை நிறையச் சீட்டு கொண்டுவருவார். எது கடைசிச் சீட்டு என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். பல சீட்டுகளில் "மாத்திரை தொடரவும்" என்று மட்டும் இருக்கும். எந்த மாத்திரை, எதற்காக? எழுதியவருக்கே வெளிச்சம். 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது காகிதக் கோப்புகள் நீரோடு போயின. முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் நோயாளிகளுக்கோ, இடம்பெயர்ந்து போன ஊர்களிலும் மின்பதிவுகள் கிடைத்தன. 1964இல் தனுஷ்கோடியை இழந்த கரை நம்முடையது. இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கர்ப்பிணிகளுக்கான பிக்மி என்ற அரசுக் கணினிப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பனில் வாழ்க்கைப்பட்ட பெண் பிரசவத்துக்குத் தொண்டியில் உள்ள தாய்வீட்டுக்கு வருகிறாள். இன்று அவளுடைய ரத்த அழுத்தம் 130/86. இதை மட்டும் பார்த்தால் அச்சப்பட ஒன்றுமில்லை. முந்தைய அளவுகளைப் பார்த்து, 100/60இலிருந்து படிப்படியாக ஏறி வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் "அடுத்த மாதம் வா" என்பதை விட்டுவிட்டு "மூன்று நாளில் வா" என்பீர்கள். ஆனால் அந்தப் பதிவு எண்ணைப் பிறப்புச் சான்றிதழுக்கான எண் என்றுதான் பல வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அலுவலகங்களும் அப்படித்தான் நினைக்கின்றனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

உங்கள் வருத்தத்துக்குக் காரணம் அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2009இல் சட்டம் போட்டு, கோடிகோடியாகப் பணம் கொடுத்து மருத்துவர்களைக் கணினிக்கு மாற்றினார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வு 57 மருத்துவர்களைப் பின்தொடர்ந்து கவனித்தது. நோயாளியுடன் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் திரைக்கும் மேசை வேலைக்கும் போயிருந்தது. அங்கே அதற்கு ஒரு முக்கியக் காரணம் பில். இத்தனை கட்டங்களை நிரப்பினால்தான் காப்பீட்டுப் பணம் வரும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பில் இல்லை, மேலிடத்துக்கு அனுப்பும் ரிப்போர்ட் இருக்கிறது. இரண்டுமே நோயாளியை அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவருக்காக எழுதப்படுபவை அல்ல.

ஒரு விசைப்படகுத் தொழிலாளி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடது கை கடுக்கிறது என்கிறார். பட்டியலில் "கை வலி" இருக்கிறது, தட்டிவிடலாம். வலி மாத்திரையோடு அவர் போய்விடுவார். பதிவு முழுமை, எண்ணிக்கை சரி, மேலே இருப்பவருக்குத் திருப்தி. தட்டாமல் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் மீதியையும் சொல்லியிருப்பார்: வலை இழுக்கும்போதுதான் கடுக்கிறது, விட்டுவிட்டு உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது. இது கையின் வலி இல்லை, இதயத்தின் வலியாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்த நிலையில் எடுக்கும் இ.சி.ஜி. சரியாகவே இருந்து ஏமாற்றவும் கூடும். இரண்டு நாள் கழித்து நள்ளிரவில் அவரை ராமநாதபுரம் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே பணியில் இருக்கும் இளம் மருத்துவர் திரையைத் திறந்து "கை வலி" என்பதைப் படிப்பார். உங்கள் மனத்தில் ஓடியது அவருக்குக் கிடைக்காது.

லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968இலேயே, மருத்துவக் குறிப்பு என்பது நோயாளியின் பிரச்சினைகளை வரிசைப்படுத்திச் சிந்திக்க உதவ வேண்டும் என்று வாதாடினார். அவர் கேட்டது சிந்தனையின் தடம். நமக்குக் கிடைத்தது கட்டங்கள். இதிலே இன்னொரு தொல்லை, நேற்றைய பரிசோதனைக் குறிப்பை இன்றைக்கு அப்படியே ஒட்டும் வசதி. தொட்டுப் பார்க்காத வயிறு நான்கு நாளும் குறிப்பில் மென்மையாகவே இருக்கும்!

எனவே தட்டச்சைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், இடம் மாற்றச் சொல்வேன். நோயாளி பேச ஆரம்பிக்கும்போது கை விசைப்பலகையில் இருக்க வேண்டாம். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பி, எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். தவறு இருந்தால் அவரே திருத்துவார். எந்த மென்பொருளிலும் ஒரு மூலையில் குறிப்பு எழுத இடம் இருக்கும். அதில் ஒரே ஒரு வரி: என்ன நினைக்கிறேன், எதற்கு அஞ்சுகிறேன். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். எல்லா நோயாளிகளுக்கும் முடியாது. வயிற்றுப்போக்குக்கும் சளிக்கும் பட்டியலே போதும், அங்கே மிச்சம் பிடியுங்கள்.

நோட்டிலும் கணினியிலும் இரண்டு முறை எழுதுவதற்கு மட்டும் என்னிடம் சமாதானம் கிடையாது. இணையம் படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நோட்டைத் தொடரச் சொல்கிறார்கள். நோட்டு இருப்பதால் ஆய்வுக்கு வருபவர் அதையும் கேட்கிறார். இதில் வீணாவது செவிலியரின் நேரம், அதாவது அவர் போயிருக்க வேண்டிய வீடுகள். அடுத்த மாதக் கூட்டத்தில், ஒவ்வொரு கட்டத்தையும் யார், எப்போது படிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாத கட்டங்களை எழுத்தில் குறித்து அனுப்புங்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் செவிலியரையும் அழைத்துப் போங்கள். எது எங்கே ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடன்